பதினைந்து அங்குலமும் பன்னிரண்டு அங்குலமும்

ஐப்பசியில் இரண்டு நாள் அடைமழை பிடித்துவிட்டால் கரிசல்காட்டில் மனிதன் மேல் சைக்கிள் ஏறிக்கொள்ளும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் மண் அடைத்துச் சக்கரம் நின்றுவிடும். குச்சியால் நோண்டி எடுத்து நாலடி உருட்டினால் திரும்பவும் அடைக்கும். கடைசியில் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். எட்டயபுரத்திலிருந்து விளாத்திகுளம் பக்கமோ கோவில்பட்டிப் பக்கமோ, தார்ச்சாலையை விட்டு இறங்கிய வண்டிப்பாதைகளில் ஒரு காலத்தில் மழைக்கால நிலைமை இது. அந்தப் பாதைகளில் காரும் போயிற்று. கல்யாணத்துக்கு, பிரசவத்துக்கு, ஓட்டுக் கேட்க, துட்டி விசாரிக்க என்று வாடகைக்குப் பிடித்த கார்.

அந்தக் காலத்து ஆட்களிடம் பேச்சுக் கொடுத்தால் தீர்ப்பு ஒன்றுதான்: "அம்பாசிடர்னா இரும்பு. மாருதி வெறும் தகரம்." ஓட்டினவர், ஏறிப் போனவர், சேற்றில் தள்ளினவர் எல்லாருமே இப்படித்தான் சொல்வார்கள். அனுபவத்திலிருந்து வந்த பேச்சு என்பதால் இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் காரணத்தை இரும்பின் தடிமனில் தேடுவது சரியில்லை. கரிசலில் ஒரு கார் போவதும் புதைவதும் சக்கரத்தின் விட்டம், சுமை எந்த அச்சில் விழுகிறது, காருக்கும் ஆட்களுக்கும் உள்ள எடை விகிதம் ஆகிய கணக்குகளில் இருக்கிறது. தகடு எத்தனை மில்லிமீட்டர் என்பது அந்தக் கணக்கில் கடைசி வரிகூட இல்லை.

முதலில் மண். கரிசலின் களிமண்ணில் பெரும்பங்கு மான்ட்மோரிலோனைட் என்னும் கனிமமும் அதன் உறவுக் கனிமங்களும். இரண்டு சிலிக்கா ஏட்டுக்கு நடுவில் ஓர் அலுமினா ஏடு. இப்படி மூன்று ஏடு சேர்ந்தது ஓர் அடுக்கு. அடுக்கின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். சீட்டுக்கட்டுபோல இவை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. ஆனால் ஒட்டிக் கிடக்கவில்லை. ஒவ்வோர் அடுக்கிலும் கொஞ்சம் எதிர்மின்னூட்டம் மிச்சம் இருக்கிறது. அதைச் சரிக்கட்ட சோடியம், கால்சியம் அயனிகள் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. தண்ணீர் பட்டால் அந்த அயனிகள் தண்ணீர் மூலக்கூறுகளை உள்ளே இழுக்கும், அடுக்குகள் விலகும், மண் உப்பும். வெயிலில் தண்ணீர் போனால் அடுக்குகள் நெருங்கும், மண் சுருங்கும், நிலம் பாளம் பாளமாக வெடிக்கும். சித்திரையில் அந்த வெடிப்புக்குள் கை முழங்கை வரை போகும். ஒரு கிராம் மான்ட்மோரிலோனைட்டின் மொத்தப் பரப்பு, உள்ளடுக்குகளையும் சேர்த்தால், 700, 800 சதுர மீட்டர் வரும். பருத்திக்கும் உளுந்துக்கும் மாதக்கணக்கில் ஈரம் பிடித்துவைப்பது இந்தப் பரப்புதான். டயரைப் பிடித்துவைப்பதும் இதுவேதான்.

சாலைப் பொறியாளர்கள் மண்ணின் தாங்குதிறனை சி.பி.ஆர். என்று ஓர் எண்ணால் சொல்வார்கள். நன்றாக இறுக்கிய உடைகல்லை 100 என்று வைத்துக்கொண்டு மற்ற மண்ணை அளக்கும் முறை அது. ஊறிய கரிசலுக்கு அந்த எண் 2, 3 என்று வரும். காய்ந்த கரிசல் கதையே வேறு; கல்லாட்டம் கெட்டிப்பட்டு, மாட்டுவண்டிச் சக்கரம் மழைக்காலத்தில் அறுத்துவிட்ட பள்ளம் அப்படியே உறைந்து நிற்கும். ஆகக் கரிசல் பாதை காருக்கு இரண்டு தனித்தனிச் சோதனைகளை வைக்கிறது. மழையில் சேறு, வெயிலில் படிக்கட்டு.

இந்தச் சோதனைகளுக்கு வந்து நின்ற இரண்டு கார்களுமே இந்த மண்ணை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. அம்பாசிடர் என்பது இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் கார். இந்துஸ்தான் மோட்டார்ஸ் அதன் அச்சுகளை வாங்கிவந்து வங்காளத்தின் உத்தர்பாராவில் 1950-களின் கடைசியில் செய்யத் தொடங்கியது. மாருதி 800, ஜப்பானின் சுசூகி ஆல்ட்டோவின் வழிவந்தது. குர்காவ் ஆலையிலிருந்து 1983 டிசம்பரில் முதல் கார் வெளிவந்தது. அறிமுக விலை 47,500 ரூபாய். நடுவில் கால் நூற்றாண்டு இடைவெளி.

இரண்டின் உருவத்தையும் அந்தந்த நாட்டின் சட்டம் செதுக்கியிருக்கிறது என்பது எனக்குப் பிடித்த விஷயம். பிரிட்டனில் 1940-கள் வரை காருக்கு வரி போடும்போது எஞ்சின் சிலிண்டர்களின் எண்ணிக்கையையும் குறுக்களவையும் மட்டும் கணக்கில் எடுத்தார்கள்; பிஸ்டன் எவ்வளவு நீளம் ஏறி இறங்குகிறது என்று பார்க்கவில்லை. அதனால் அங்கே ஒடுக்கமான, நீளமான சிலிண்டர்கள் பெருகின. வரிமுறை போன பிறகும் பழக்கம் போகவில்லை. அம்பாசிடரில் நெடுநாள் இருந்த 1489 சி.சி. எஞ்சினில் குறுக்களவு 73 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 88.9 மில்லிமீட்டர். ஜப்பானிலோ வேறு சட்டம். நீளம் 3.2 மீட்டர், அகலம் 1.4 மீட்டர், எஞ்சின் 550 சி.சி. என்ற வரம்புக்குள் இருந்தால் அந்தக் காருக்கு வரிச்சலுகை. ஆல்ட்டோ அந்தப் பெட்டிக்குள் அடங்கப் பிறந்தது. ஏற்றுமதிக்காக எஞ்சினை 796 சி.சி.க்குப் பெரிதாக்கினாலும் உடம்பு ஏறக்குறைய அதே அளவு. லண்டன் வரிக்காரனும் டோக்கியோ வரிக்காரனும் சேர்ந்து எட்டயபுரத்துக் கல்யாணக் கூட்டம் எந்தக் காரில் எப்படி நெருக்கி உட்கார வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. மாரிஸ் கார்களுக்கு முன்பக்கம் டார்ஷன் பார் என்னும் முறுக்குக் கம்பி ஸ்பிரிங்கும், பல்சட்ட ஸ்டியரிங்கும் வந்தது 1948-இல் மாரிஸ் மைனர் காலத்தில். அதை வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். அம்பாசிடரின் முன்பக்கம் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1956 சூயஸ் நெருக்கடியில் பிரிட்டனில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது அதே மனிதர் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பிவைத்து, முன்சக்கரத்தையே இழுவைச் சக்கரமாக்கி, 1959-இல் மினி காரைக் கொடுத்தார். கியர்பெட்டியை எஞ்சினுக்குப் பக்கவாட்டில் கோத்து அந்த அமைப்பை மேலும் எளிதாக்கியவர்கள் இத்தாலிக்காரர்கள். மாருதி 800 அந்த வழியில் வந்தது. எதிரும் புதிருமாக நாம் நிறுத்திவைக்கும் இரண்டு காருக்கும் பின்னால் ஒரே மனிதரின் கைவாசம் இருக்கிறது.

இனி சக்கரம். அம்பாசிடருக்கு 15 அங்குல ரிம். டயரோடு சேர்த்தால் தரையிலிருந்து அச்சு வரை சுமார் 33 சென்டிமீட்டர். மாருதிக்கு 12 அங்குல ரிம். டயரோடு சுமார் 25 சென்டிமீட்டர். காய்ந்த கரிசலில் 8 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு மண்விளிம்பு குறுக்கே நிற்கிறது, காரும் அதை ஒட்டி நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தானாகச் சுழலாமல் தள்ளப்படும் ஒரு சக்கரம் அந்த விளிம்பில் ஏற எவ்வளவு விசை வேண்டும்? டயர் நசுங்குவதை விட்டுவிட்டு வெறும் வடிவியலாகப் போட்டால், பெரிய சக்கரத்துக்கு அதன் மேல் இருக்கும் எடையில் 86 சதவீதம் போதும். சிறிய சக்கரத்துக்கு 108 சதவீதம் வேண்டும். அதாவது சக்கரத்தை நேராக மேலே தூக்குவதைவிட அதிக விசை. நிஜத்தில் டயர் கொஞ்சம் நசுங்கி உதவும், ஓட்டத்தில் வந்தால் வேகமும் உதவும். ஆனாலும் வித்தியாசம் வித்தியாசம்தான். மாட்டுவண்டிச் சக்கரம் ஏன் ஆளுயரத்தை எட்டும் அளவு பெரிதாக இருந்தது என்பதற்கும் விடை இந்தக் கணக்கில் இருக்கிறது. மாருதிக்கு நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: அதன் முன்சக்கரங்கள் இழுவைச் சக்கரங்கள் என்பதால் விளிம்பைத் தாமே கடித்து ஏற முயலும். திணறுவது பின்னால் இழுபட்டு வரும் இரண்டும்தான்.

சேற்றிலும் பெரிய விட்டத்துக்கே கை ஓங்குகிறது. கனமான கார் அதிகம் புதையும் என்று தோன்றும். அது அவ்வளவு சரியில்லை. டயர் தரையை அழுத்தும் அழுத்தம் ஏறக்குறைய அதற்குள் அடைத்த காற்றின் அழுத்தம்தான். இரண்டு காருக்குமே அடைக்கும் காற்று கிட்டத்தட்ட ஒன்று. எடை கூடினால் டயர் இன்னும் கொஞ்சம் பரந்து படியுமே தவிர, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு விழும் பாரம் பெரிதாக மாறாது. புதைந்த பிறகுதான் விட்டத்தின் விளையாட்டு. இரண்டு சக்கரமும் ஒரே ஆழம் இறங்கினாலும், சின்னச் சக்கரத்துக்கு முன்னால் நிற்கும் சேற்றுச் சுவர் செங்குத்தாக இருக்கும். பெரியதற்குச் சாய்வாக இருக்கும். இதோடு மாருதியின் மட்கார்டு வளைவு டயரை ஒட்டி இருப்பதால் சைக்கிளுக்கு நேர்ந்த கதி அதற்கும் நேரும்.

தரைக்கும் அடிவயிற்றுக்கும் உள்ள இடைவெளிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சிலர் சொல்வார்கள். காகிதத்தில் இரண்டு காருக்கும் அது 16, 17 சென்டிமீட்டர்தான். ஆட்கள் ஏறியதும்தான் கதை மாறும். அம்பாசிடரில் தாழ்ந்த இடம் பின்னச்சின் நடுவில் உள்ள கிரவுன் ஹவுசிங். அது சக்கரத்தோடு பிணைந்தது. எத்தனை பேர் ஏறினாலும் டயர் நசுங்கும் அளவுக்கு மேல் தாழாது. மாருதியில் தாழ்ந்தவை உடம்போடு சேர்ந்தவை. சுமை ஏறினால் சைலன்சர் குழாய் இறங்கும். பள்ளத்தில் மூக்கு குனிந்தால் ஆயில் சேம்பர் கல்லைத் தேடிப் போகும். கரிசல் கிராமத்துக்கு மாருதியில் போனவர்கள் பாதையில் கண்ணை வைத்ததைவிட சேம்பரில் நினைப்பை வைத்ததுதான் அதிகம். ஆனால் வரப்பு மாதிரி ஒற்றை மேட்டைத் தாண்டுவதில் மாருதிதான் கெட்டிக்காரன். அதன் இரண்டு அச்சுக்கும் நடுவில் 217 சென்டிமீட்டர், அம்பாசிடருக்கு 246. நீளமான கார் மேட்டில் வயிறு தட்டி உட்காரும். எட்டயபுரத்துப் பழைய தெருக்களில் வளைத்துத் திருப்புவதிலும் சின்னதற்கே லாபம்: மாருதி 4.4 மீட்டர் ஆரத்தில் திரும்பிவிடும், அம்பாசிடருக்கு 5.4 வேண்டும்.

சுமைக்கு வருவோம். வாடகைக் காரில் ஐந்து பேர் ஏறுவது என்பது சட்டப் புத்தகத்தில் உள்ள விஷயம், அதிலிருந்தே தொடங்கலாம். ஆளுக்கு 65 கிலோ என்றால் 325 கிலோ. காலியாக அம்பாசிடர் சுமார் 1,100 கிலோ, மாருதி 650 கிலோ. மாருதியில் எஞ்சின், கியர்பெட்டி, இழுவை எல்லாம் முன்னால் என்பதால் காலிக் காரின் எடையில் சுமார் 60 சதவீதம் இழுவைச் சக்கரத்தின் மேல் இருக்கிறது. சேற்றுக்கு இது பிரமாதம். காலி மாருதியை ஓட்டிக்கொண்டு ஈரப்பாதையில் வந்தவர்கள் அது அம்பாசிடரைவிட நன்றாகப் போனதாகச் சொன்னால் நம்பலாம். அம்பாசிடருக்குக் காலியாக இருக்கும்போது பின் இழுவைச் சக்கரத்தில் விழுவது சுமார் 45 சதவீதம்தான்.

ஆட்கள் ஏறட்டும். பின்சீட்டுச் சுமை பெரும்பாலும் பின்னச்சில்தான் விழும். ஐந்து பேர் ஏறியதும் மாருதியின் இழுவைச் சக்கரப் பங்கு 60-இலிருந்து 50 சதவீதத்தை ஒட்டி இறங்குகிறது. அம்பாசிடரில் 45-இலிருந்து 51-ஐ ஒட்டி ஏறுகிறது. இங்கே இரண்டும் சமம். இனிமேல்தான் நம் ஊர் வழக்கம் குறுக்கே வருகிறது. பெண்வீட்டுச் சீர்வரிசை டிக்கியில், மடிமேல் பிள்ளைகள், பின்சீட்டில் ஆறு பேர். ஏற ஏற அம்பாசிடரின் பிடி கூடும், மாருதியின் பிடி குறையும். போதாததற்கு, மழைத்தண்ணீர் ஓடிய ஓடைக்குள் இறங்கி அக்கரையில் ஏற வேண்டும். மேட்டில் ஏறும்போது எடை பின்னச்சுக்கு நழுவும். பின்சக்கர இழுவைக்கு அது வரவு, முன்சக்கர இழுவைக்குச் செலவு. அம்பாசிடரின் புகழில் பாதி இந்த ஓடைக்கரைகளில் சம்பாதித்தது என்பது என் எண்ணம்.

இதைப் படித்துவிட்டு அம்பாசிடர் எந்தச் சேற்றிலும் போகும் என்று நினைத்துவிடக் கூடாது. நல்ல தாரில் ஒரு காரை உருட்டிக்கொண்டே இருக்க அதன் எடையில் சுமார் 1.5 சதவீத விசை போதும். ஆழமான சேற்றில் அது 20 சதவீதத்தைத் தாண்டும். வழுக்கும் களிமண்ணில் டயருக்குக் கிடைக்கும் உராய்வு, அந்த டயரின் மேல் உள்ள எடையில் முப்பது சதவீதம் கிடைத்தால் பெரிது. இழுவைச் சக்கரத்தில் இருப்பதோ காரின் பாதி எடை. பாதியில் முப்பது சதவீதம் என்றால் மொத்தத்தில் 15. தேவை 20, கையில் 15. அடைமழைக் கரிசலில் இரண்டு காரும் உட்காரும். உட்கார்ந்த பிறகு அம்பாசிடரைக் கிளப்ப ஜோடி மாடு வேண்டும். மாருதியை எட்டு இளவட்டங்கள் மூலைக்கு இரண்டு பேராகப் பிடித்துத் தூக்கி மேட்டில் வைத்துவிடுவார்கள். இந்த ஒரு வசதியை யாரும் மாருதியின் கணக்கில் எழுதவில்லை.

"அம்பாசிடர் பின்சீட்டு மாதிரி வருமா?" என்ற கேள்விக்கும் விடை எடை விகிதத்தில்தான். ஐந்து பேரின் 325 கிலோ, மாருதியின் சொந்த எடையில் பாதி. அம்பாசிடரின் எடையில் முப்பது சதவீதம். ஸ்பிரிங் என்பது ஒரு சமரசம். காலியாகவும் ஓட வேண்டும், முழுச் சுமையிலும் தரையில் தட்டக் கூடாது. சுமை மாறும் விகிதம் கூடினால் ஸ்பிரிங்கை விறைப்பாக வைத்தே ஆக வேண்டும்; விறைப்பான ஸ்பிரிங்கில் ஒற்றை ஆள் போனால் தூக்கித் தூக்கிப் போடும். கார் நொடிக்கு ஒரு தடவையை ஒட்டி மேலும் கீழும் அசைந்தால் உடம்புக்கு இதமாக இருக்கும்.  அம்பாசிடரின் கனம் அந்தத் தாளத்துக்குப் பக்கத்தில் இருக்க உதவியது. அதே சமயம் அதன் பின்னச்சு ஒரே துண்டான கன இரும்பு. சரள் போட்ட ரோட்டில் அலையலையாக மேடு விழுந்த இடத்தில் வேகமாகப் போனால் அந்தக் கனம் பட்டா ஸ்பிரிங் மேல் குதித்து, பின்பக்கம் பக்கவாட்டில் நழுவும். பழைய டிரைவர்கள் சரளில் மெதுவாகப் போனதற்குப் பொறுமை மட்டுமே காரணம் இல்லை.

எஞ்சின் விஷயத்தில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அம்பாசிடரின் 1489 சி.சி. எஞ்சின் நிமிடத்துக்கு 4,200 சுற்றை ஒட்டி சுமார் 50 குதிரைத்திறன் தரும். பிஸ்டன் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை 88.9 மில்லிமீட்டர் ஓடுகிறது. சராசரி வேகம் நொடிக்கு 12.4 மீட்டர். மாருதியின் மூன்று சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன் ஓடும் தூரம் 72 மில்லிமீட்டர்தான். 5,000 சுற்றில் 37 குதிரைத்திறன். சராசரி பிஸ்டன் வேகம் 12 மீட்டர். ஒன்று கிழவன், மற்றது குமரன் என்று சத்தத்தை வைத்து நினைக்கிறோம். உள்ளே பிஸ்டன்கள் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் ஓடுகின்றன. குறைந்த தூரம் ஓடுவதால் மாருதியால் அதிக சுற்று சுற்ற முடிகிறது, ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு 46 குதிரைத்திறன் எடுக்க முடிகிறது. அம்பாசிடருக்கு அது 34-ஐத் தாண்டவில்லை.

ஆனால் சேற்றில் யாரும் 5,000 சுற்றில் ஓட்டுவதில்லை. அங்கே வேண்டியது குறைந்த சுற்றில் அழுத்தமான முறுக்கு விசை. நீண்ட பிஸ்டன் ஓட்டமும், எண்ணூறுக்கு எதிராக ஆயிரத்து ஐந்நூறு சி.சி.யும், கனமான ஃபிளைவீலும் சேர்ந்து அம்பாசிடரைக் கிட்டத்தட்ட நடைவேகத்தில் உறுமாமல் நகர விட்டன. மெதுவாகச் சுழலும் டயர் மண்ணைக் கடிக்கும். வேகமாகச் சுழன்றால் தன் குழியைத் தானே தோண்டும். மாருதியை எடுக்க ஆக்சிலேட்டரைக் கொடுத்தே ஆக வேண்டும், கொடுத்தால் சக்கரம் சுழன்றுவிடும்.

வெயில்காலத்தில் தராசு மறுபக்கம் சாயும். கோவில்பட்டிச் சித்திரை வெயிலில் நின்று எடுத்த அம்பாசிடர் நாலு கிலோமீட்டரில் இருமி நின்றுவிடுவது எல்லாரும் பார்த்த காட்சி. பெட்ரோல் பம்ப் எஞ்சினின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெட்ரோலில் உள்ள இலகுவான கூறுகள் 40 டிகிரி செல்சியசுக்குள்ளேயே கொதிக்கத் தொடங்கிவிடும். குழாய்க்குள் குமிழி வந்தால் பம்ப் குமிழியை அமுக்கிக்கொண்டிருக்குமே தவிர பெட்ரோலைத் தள்ளாது. டிரைவர்கள் கண்ட வைத்தியம், பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றுவது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். கரிசல்காட்டு வறண்ட காற்றில் துணி சீக்கிரம் காயும், அதாவது சீக்கிரம் குளிர்விக்கும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்கில்தான். கடற்கரைப் புழுக்கத்தில் இந்த வைத்தியம் இவ்வளவு எடுபட்டிருக்காது. அம்பாசிடரின் ரேடியேட்டர் ஃபேனும் பெல்ட்டில் ஓடுவது; எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் அதுவும் மெதுவாகச் சுற்றும். மாருதியில் எஞ்சின் குறுக்காக இருந்ததால் ஃபேனுக்குத் தனி மின்மோட்டார் வைக்க வேண்டிய கட்டாயம். அந்தக் கட்டாயமே நன்மையாயிற்று. சூடு ஏறினால் கார் நின்றுகொண்டிருந்தாலும் ஃபேன் முழு வேகத்தில் சுற்றும்.

பிறகு ரோடு வந்தது. 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம், அதற்கு முன்னும் பின்னுமான மாநிலத் திட்டங்கள், கோவில்பட்டி வழியாகப் போகும் பழைய 7-ஆம் எண் நெடுஞ்சாலையும் எட்டயபுரத்தைத் தொட்டுப்போகும் மதுரை-தூத்துக்குடிச் சாலையும் நான்கு வழியானது. கரிசலில் ரோடு போடுவது லேசான வேலை இல்லை. தாங்குதிறன் குறைவாக இருப்பதால் சரளும் ஜல்லியும் மற்ற இடத்தைவிடத் தடிமனாகப் போட வேண்டும். சில இடங்களில் மண்ணோடு சுண்ணாம்பைக் கலப்பார்கள். சுண்ணாம்பின் கால்சியம், களிமண் அடுக்குகளுக்கு நடுவில் உள்ள சோடியத்தை வெளியேற்றிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். மண் உப்புவது குறையும். அப்படியும் கரிசல் சும்மா இருக்காது. சாலையின் நடுப்பகுதி தாருக்கு அடியில் ஈரம் மாறாமல் இருக்க, ஓரங்கள் மழைக்கும் வெயிலுக்கும் உப்பிச் சுருங்குவதால் ஓரத்தை ஒட்டி நீளவாக்கில் விரிசல் ஓடும். இந்தப் பக்கத்துச் சாலைகளில் இப்போதும் பார்க்கலாம்.

தார் வந்ததும் அம்பாசிடரின் வரவெல்லாம் செலவுப் பக்கத்துக்கு மாறின. உருட்டும் விசை எடைக்கு ஏற்றபடி என்பதால், ஐந்து பேரோடு அம்பாசிடருக்கு 21 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும், மாருதிக்கு 15 போதும். காலிக் காரின் ஒரு டன் எடைக்கு அம்பாசிடரிடம் 45 குதிரைத்திறன், மாருதியிடம் 57. கோவில்பட்டியிலிருந்து மதுரை 100 கிலோமீட்டர் அளவு. அதற்கு ஒன்று 10 லிட்டர் பெட்ரோல் கேட்டது, மற்றது ஆறு லிட்டர் சுமாருக்கு முடித்தது. எஞ்சினின் அழுத்த விகிதம் 7.2-இலிருந்து 8.7-க்கு உயர்ந்ததால் வந்த லாபம் ஏட்டுக் கணக்கில்கூட மூன்று சதவீதப் புள்ளிதான். மிச்ச லாபத்தில் பெரும்பங்கு 450 கிலோ இரும்பைச் சுமக்காததால் வந்தது. வாடகைக்கு ஓட்டியவர்கள் டீசல் அம்பாசிடருக்கு மாறிக் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தார்கள். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியும் பள்ளிக்கூட வாத்தியாரும் மாருதிக்குப் போனார்கள்.

இரும்பு பற்றிய பேச்சுக்கு ஒரே ஓர் இடத்தில் மதிப்பு உண்டு, அதுவும் முழுசாக இல்லை. இரண்டு காரும் ஒரே வேகத்தில் நேருக்கு நேர் மோதினால், வேகமாற்றம் எடைக்கு எதிர்விகிதத்தில் பிரியும். மாருதிக்குள் இருப்பவருக்கு அடி சுமார் 1.7 மடங்கு. அதே அம்பாசிடர் புளியமரத்தில் மோதினால் கனம் உதவாது. உடம்பு நசுங்கி அந்த ஆற்றலைத் தின்ன வேண்டும். எவ்வளவு தூரம் நசுங்குகிறதோ அவ்வளவு மெதுவாக ஆள் நிற்பான். நசுங்காத கெட்டித்தனம் ஆளின் நெஞ்சுக்கூட்டுக்குப் போய்ச் சேரும். முன்னால் உட்கார்ந்தவருக்கும் நீண்ட ஸ்டியரிங் தண்டுக்கும் நடுவில் அந்தக் கார்களில் வேறொன்றும் இல்லை.

2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் புதிய புகை விதி வந்தபோது மாருதி 800 அங்கே விற்பனையிலிருந்து விலகிக்கொண்டது. 2014 ஜனவரியில் உற்பத்தியே நின்றது. அதே ஆண்டு மே மாதம் உத்தர்பாராவில் அம்பாசிடரும் நின்றது.

இப்போது எட்டயபுரத்துப் பக்கம் மக்காச்சோளமும் மிளகாய்வத்தலும் ஏற்றிக் காட்டுப்பாதையில் போவது பெரும்பாலும் குட்டியானை என்று பெயர் வாங்கிய டாட்டா ஏஸ். 2005-இல் வந்தது. அதைச் சுற்றிவந்து பார்த்தால் இரண்டு பழைய கார்களின் கணக்கும் கலந்து கிடக்கும். மாருதியின் அதே 12 அங்குல ரிம், மாருதியைவிடச் சின்ன, இரண்டு சிலிண்டர் எஞ்சின். ஆனால் இழுவை மட்டும் அம்பாசிடர் மாதிரி பின்சக்கரத்தில், பட்டா ஸ்பிரிங்கில். மூட்டை ஏறும் இடமும் இழுவைச் சக்கரமும் ஒன்றாக இருப்பதால் பாரம் கூடக் கூடப் பிடி கூடுகிறது. காலியாகத் திரும்பும்போதுதான் அது ஈரக் கரிசலில் மாட்டிக்கொள்ளும். அப்போது டிரைவர் யாரையும் தள்ளச் சொல்வதற்கு முன்னால், களைபறித்துவிட்டு வரும் பெண்களிடம், "எக்கா, செத்த பின்னாடி ஏறி நில்லுங்க" என்கிறார்.